புத்தகத்தை மூடிவிட்டு வரையச் சொல்லுங்கள்

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்டிக்குப் பக்கத்தில் கடலோர ஊர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறீர்கள். பாடம் நடத்திய அன்று பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். அடுத்த வாரம் அதே கேள்வியைக் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். படம் வரையச் சொன்னால் பாடம் மறக்காது என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா, அதற்கு நேரம் எங்கே இருக்கிறது, தேர்வுக்கு உதவுமா, உங்களுக்கே படம் வராதே, என்ன செய்வது? இந்த நான்குக்கும் அடியில் நீங்கள் எழுதாமல் விட்ட ஐந்தாவது கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: “நான் நடத்துவதில்தான் குறையோ?” அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரத்தில் மறப்பது இயல்பு. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, பொருளில்லாத அசைகளை நெட்டுருப் போட்டு, எவ்வளவு நாளில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கு வைத்தார். மறதி முதலில் கிடுகிடுவென்று நடந்து பிறகு மெதுவாகிறது என்று அவர் எழுதியது 1885இல். உங்கள் பிள்ளைகள் அந்தக் கணக்கின்படிதான் நடந்துகொள்கிறார்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பாம்பனுக்கும் சாயல்குடிக்கும் இடையிலுள்ள கடலோரப் பள்ளிகளில் இருபத்தேழு ஆண்டுகள், ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். நான் சொல்வதெல்லாம் அந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் பொருந்தும். ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் என்பது வேறு விஷயம். அவர்களுக்கு எழுத்தே ஒரு படம்தான். அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். கனடாவிலுள்ள வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி வாம்ஸ், மெலிசா மீட், மைரா ஃபெர்னாண்டஸ் ஆகிய மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வைத்தான் பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் மேற்கோள் காட்டுகிறார்கள். மாணவர்களுக்கு 30 சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். சில சொற்களுக்குப் படம் வரைய வேண்டும், மற்றவற்றைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். ஒரு சொல்லுக்கு 40 நொடி. பிறகு, முன்கூட்டிச் சொல்லாமல், நினைவிருப்பதையெல்லாம் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். எழுதிய சொற்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரைந்த சொற்கள் நினைவில் நின்றிருந்தன. 40 நொடியை 4 நொடியாகக் குறைத்தபோதும் பலன் இருந்தது. படத்தை வெறுமனே பார்த்ததும், மனத்துக்குள் கற்பனை செய்துகொண்டதும், பொருளின் அடையாளங்களைப் பட்டியலிட்டதும் வரைந்ததற்கு ஈடாகவில்லை. படம் நன்றாக இருந்ததா, கோணல்மாணலாக இருந்ததா என்பது பொருட்டாகவே இல்லை. “எனக்குப் படம் வராது” என்கிற உங்களுக்கும் உங்கள் கடைசி பெஞ்சுக்கும் இது நல்ல செய்தி.

ஆனால் அங்கே வரைந்தவை தனித்தனிச் சொற்கள், வரைந்தவர்கள் கல்லூரி மாணவர்கள், நினைவைக் கேட்டதும் சற்று நேரத்துக்குள். நம் பாடமோ ஒன்றோடொன்று பின்னிய பத்து விஷயங்கள், நாம் கேட்பதோ காலாண்டுத் தேர்வில். இடையில் தூரம் அதிகம். அந்தத் தூரத்தில் தடுக்கி விழவும் இடம் உண்டு. ஜெர்மனியில் பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் நீர் மூலக்கூறு பற்றிய அறிவியல் பாடத்தைக் கொடுத்துச் செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. அதில் மனத்துக்குள் கற்பனை செய்யச் சொன்னவர்களுக்குப் புரிதல் கூடியது, வரையச் சொன்னவர்களுக்குக் குறைந்தது. பாடமே புதிது, கடினம். அதை எப்படி வரைவது என்ற தலைவலியும் சேர்ந்துகொண்டால் பாடத்துக்குச் செலவாக வேண்டிய மூளை பென்சிலுக்குச் செலவாகிவிடுகிறது. ஆகவே “வரைந்தால் மறக்காது” என்று உங்களிடம் யாராவது மொத்தமாகச் சொன்னால் பாதிதான் நம்புங்கள். எதை, எப்போது, எப்படி வரைவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இது எனக்குப் புரிந்தது ஒரு மீனால். பல ஆண்டுகள் நானும் கரும்பலகையில் படம் போட்டு, “பார்த்து வரையுங்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான். எட்டாம் வகுப்பில் ஒரு பையன், அப்பா நாட்டுப்படகுக்காரர். மீனைச் செதில் செதிலாக, வால் துடுப்பின் ஒரு கதிர்கூட விடாமல் வரைந்திருந்தான். நோட்டைத் தூக்கிக் காட்டி வகுப்பையே கைதட்டச் சொன்னேன். அடுத்த வாரம் அவனையே எழுப்பி, செவுள் எதற்கு என்று கேட்டேன். “செவுள் சிவப்பாக இருந்தால் புது மீன் சார், வெளுத்திருந்தால் ஐஸ் மீன்” என்றான். வீட்டில் அம்மா சொல்லிக்கொடுத்தது அது. தப்பில்லை, என் பாடத்தைவிட உபயோகமான அறிவுகூட. ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவன் வரைந்த படத்திலிருந்து அவனுக்குள் எதுவுமே போகவில்லை. கண் பலகையில் இருந்தது, கை நோட்டில் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் பையன் வேறெங்கோ இருந்தான்.

மறு ஆண்டு விளைமீன் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். (நாற்றத்தைப் பற்றித் தலைமையாசிரியர் மூன்று நாள் பேசினார், அது தனிக் கதை.) செவுள் மூடியைத் தூக்கிக் காட்டி, உள்ளே சீப்புப் போல அடுக்கடுக்காக இருப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, ஐந்து நிமிடம் பேசினேன். பிறகு மீனைப் பைக்குள் போட்டேன், புத்தகத்தை மூடச் சொன்னேன். ஒரே ஒரு கேள்வி: தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது, எந்த வழியாக வெளியே வருகிறது? மீன் எப்படி இருந்தாலும் சரி, எனக்கு அம்புக்குறி வேண்டும் என்றேன். நோட்டுகளைப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏறக்குறையப் பாதிப்பேர் செவுள் வழியாகத் தண்ணீரை உள்ளே விட்டு வாய் வழியாக வெளியேற்றியிருந்தார்கள். சிலர் வாயில் நுழைத்த அம்பை வால்வரை கொண்டுபோய் விட்டிருந்தார்கள். தினமும் மீன் முகத்தில் விழிக்கிற பிள்ளைகள்! வலையிலிருந்து எடுத்த மீன் வாயைத் திறந்து மூடுவதையும், வாய் மூடும்போது செவுள் மூடி விரிவதையும் ஆயிரம் முறை பார்த்தவர்கள். ஒருவனை எழுப்பி, உயிருள்ள மீன் என்ன செய்யும், செய்து காட்டு என்றேன். வாயைப் பிளந்து, மூடி, இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்து விரித்துக் காட்டினான். பாதி விரிப்பில் அவன் கை நின்றது. “அட, வாயிலதான் போகுது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அம்பை அழித்தான். அந்த வகுப்பில் ஆண்டுத் தேர்வில் அதை யாரும் தப்பாக எழுதியதாக எனக்கு நினைவில்லை. இன்னொன்றும் நடந்தது. ஒரு பெண், “சுறாவுக்கு மூடியே இல்லையே சார், கோடு கோடாகத்தானே இருக்கும்?” என்று கேட்டாள். பெரும்பாலான சுறாக்களுக்குப் பக்கத்துக்கு ஐந்து செவுள் பிளவுகள், மூடி கிடையாது. புத்தகத்தின் அந்தப் பாடத்தில் அது இல்லை. வரைய உட்கார்ந்ததால்தான் அந்தக் கேள்வி அவளுக்கு வந்தது.

இதில் நடந்தது என்ன? “மீன்கள் செவுள்களால் சுவாசிக்கின்றன” என்ற வாக்கியத்தை ஒரு முடிவும் எடுக்காமல் ஒப்பித்துவிடலாம். அம்பு போட வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் திருப்புவது, எங்கே நிறுத்துவது என்று மூன்று முடிவுகள் எடுத்தாக வேண்டும். நினைவில் நிற்பவை அந்த முடிவுகள்தாம் என்பது என் கருத்து. சொல்லும் உருவமும் இரண்டு தனித்தனித் தடங்களாக மனத்தில் பதிவதால் ஒன்று நழுவினாலும் மற்றொன்று கைகொடுக்கிறது என்று ஆலன் பைவியோ என்ற கனடிய உளவியலாளர் 1970களில் விளக்கினார். அதுவும் ஏற்கத்தக்கதுதான். ஆனால் அது மட்டுமே காரணமென்றால் பார்த்து வரைந்த என் செதில் பையனுக்கும் பாடம் நினைவில் நின்றிருக்க வேண்டும்.

ஆகவே நான் கண்ட முதல் விதி: பார்த்து வரைவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ரெக்கார்டு நோட்டுப் படங்களை யார் வரைகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். பாதி வீடுகளில் அக்காதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பலமுறை அக்காக்களுக்கே போயிருக்கிறது. நடுநிலைப் பள்ளிகளில், பிள்ளைகளே படித்துக் குழுவாகக் கற்கும் ‘படைப்பாற்றல் கல்வி’ முறை வந்த காலத்தில் மன வரைபடம் அதில் ஒரு கட்டமாக இருந்தது நினைவிருக்கும். எண்ணம் நல்ல எண்ணம். பாடத்தைப் படித்துவிட்டுப் பிள்ளையே தன் போக்கில் கிளை பிரித்து வரைய வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் அது சார்ட் பேப்பராகவும் ஸ்கெட்ச் பேனாவாகவும் மாறி, குழுவில் கையெழுத்து நன்றாக உள்ள ஒரு பெண் எழுத, மற்ற ஐந்து பேர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். என் வகுப்பிலும் அப்படித்தான். குறை முறையில் இல்லை, வரைந்தது ஒருவர் மட்டும் என்பதில்தான்.

இரண்டாவது, எதை வரைவது. நகர்வது, மாறுவது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது, ஒன்றுக்குள் ஒன்று இருப்பது ஆகியவற்றுக்குப் படம் பிரமாதமாக வேலை செய்கிறது. இரத்த ஓட்டம், நீர்ச் சுழற்சி, உணவுச் சங்கிலி, மின்சுற்று, ஒளி விலகல். நம் கரைக்கு என்றே செய்து வைத்தது போன்ற பாடம் ஒன்று இருக்கிறது: கடல்காற்று, நிலக்காற்று. பகலில் நிலம் சீக்கிரம் சூடாகி அதன் மேலுள்ள காற்று லேசாகி மேலே எழுகிறது, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வருகிறது. இரவில் நிலம் சீக்கிரம் ஆறிவிடுவதால் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து, தேர்வில் நிச்சயமாக மாற்றி எழுதுவார்கள். புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு கட்டம் போடச் சொல்லுங்கள், ஒன்றில் சூரியன், ஒன்றில் நிலா. அம்பு போடச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் கீழே ஓர் அம்பு மட்டும் போட்டு நிறுத்துவார்கள். மேலே எழுகிற அம்பு இருக்காது. அங்கேதான் பாடம் போகவில்லை என்று அர்த்தம். ‘எந்தப் பக்கம்’ தெரிகிறது, ‘ஏன்’ தெரியவில்லை. எழுதிய விடைத்தாளில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆகும், படத்தில் ஒரு நொடி. பாய்மர வள்ளம் ஓடிய காலத்தில் தாத்தா ஏன் விடியலுக்கு முன்னே கிளம்பினார், எந்தக் காற்றில் திரும்பினார் என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லி, வள்ளத்தையும் அந்தப் படத்தில் போட வைத்தேன். பாய் எந்தப் பக்கம் புடைத்திருக்க வேண்டும் என்று இரண்டு பேர் சண்டையே போட்டுக்கொண்டார்கள்.

பாம்பனில் வேலை பார்த்தபோது இதே பாடத்தில் ஒரு பையன் என்னை மடக்கினான். தீவுக்கு இரண்டு பக்கமும் கடல், நான் எந்தக் கடலைப் போடுவது என்றான். அதைச் சமாளிப்பதற்குள் இன்னொருவன், ஆடி மாதத்தில் இரவும் பகலும் ஒரே பக்கத்திலிருந்துதானே அடிக்கிறது, நிலக்காற்றே இல்லையே என்றான். சரிதான். தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களில் இந்தச் சிறு காற்று அதற்குள் அமுங்கிப்போகும். புத்தகப் படம் காற்று அமைதியாக இருக்கும் நாளுக்கான படம். இதைச் சொல்லாமல் விட்டால், கண்ணால் பார்க்கிறதும் நோட்டில் இருப்பதும் வேறு வேறு உலகம் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். அப்புறம் எந்தப் படமும் ஒட்டாது.

இனிச் சந்தேகத்துக்குரியவை. ஆண்டுகள், எண்கள், வாய்பாடுகள் ஆகியவற்றுக்குப் படம் பெரிதாக உதவியதை நான் பார்க்கவில்லை. சமூக அறிவியல் ஆசிரியர் விடுப்பில் இருந்த ஒரு பருவத்தில் நானே அந்தப் பாடத்தை எடுத்தேன். 1806 வேலூர்க் கிளர்ச்சிக்குச் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகையைத் திணித்தது ஒரு காரணம் என்பதால், ஒரு தலைப்பாகை வரைந்து அதற்குள் ஆண்டை எழுதச் சொன்னேன். மாதம் கழித்துக் கேட்டேன். தலைப்பாகை எல்லாருக்கும் நினைவிருந்தது. ஆண்டு ஒருவனுக்கு 1860, ஒருத்திக்கு 1608. காரணம் நின்றது, எண் கரைந்துவிட்டது. இதை வெற்றி என்றும் சொல்லலாம், தோல்வி என்றும் சொல்லலாம். ஒரு மதிப்பெண் கேள்விக்குத் தோல்விதான். எண்களுக்குத் திரும்பத் திரும்பக் கேட்பதைத் தவிரச் சுருக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை. இலக்கணத்துக்கும் கணக்குக்கும் என்ன பலன் என்பதை அந்தப் பாடங்களை நடத்துகிறவர்களிடம் கேளுங்கள்.

“என் பிள்ளை பார்த்துப் படிக்கிற ரகம், அதனால் அவனுக்கு மட்டும் படம்” என்று பெற்றோர் சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம், ஆனால் வகுப்பை அப்படிப் பிரிக்கவும் வேண்டாம். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று ரகம் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்று 2008இல் உளவியலாளர்கள் நால்வர் அலசிப் பார்த்து எழுதினார்கள். வரைவது எல்லாருக்கும் உதவுகிறது, சொந்தச் சொற்களில் சொல்ல வைப்பதும் எல்லாருக்கும் உதவுகிறது.

நேரம் எங்கே என்றீர்கள். பாடவேளையின் கடைசி ஏழு நிமிடம் போதும், அதுவும் எல்லா நாளும் தேவையில்லை, வாரத்தில் இரண்டு பாடத்துக்கு. புத்தகம், நோட்டு எல்லாம் மூடியாக வேண்டும். கேள்வி ஒன்றே ஒன்று, அம்புக்குறி கேட்பதாக இருந்தால் நல்லது. “இதயத்தை வரை” என்று சொல்லாதீர்கள். “காலிலிருந்து வருகிற இரத்தம் நுரையீரலுக்குப் போய்த் திரும்பி மறுபடி காலுக்குப் போகும் வழியைக் காட்டு” என்று சொல்லுங்கள். நான்கு அறைகளும் தாமாக வந்துவிடும். மூன்று நிமிடம் வரையட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவனிடம் நோட்டை மாற்றிக்கொண்டு ஒரு நிமிடம் பார்க்கட்டும். அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறந்து, வேறு நிற மையால் தன் படத்தைத் தானே திருத்தட்டும். ரப்பரால் அழிக்க விடாதீர்கள், அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதைப் போடட்டும். செவுள் பாடத்தில் நானே அழிக்க விட்டேன், பிறகு வருந்தினேன். தப்பு எங்கே இருந்தது என்ற தடம் போய்விடுகிறது.

அந்தத் திருத்தம் அன்றைக்கே நடந்தாக வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வரைவதற்கு உள்ள பலமே அதன் ஆபத்தும். சரியாக வரைந்தது நினைவில் நிற்பது போலவே தப்பாக வரைந்ததும் நிற்கும். ஒரு பாடத்தில் இரண்டு வாரம் நோட்டுத் திருத்தாமல் விட்டேன். நீர்ச் சுழற்சியில் மழை முழுவதும் கடலிலேயே பெய்து முடிவதாகச் சிலர் வரைந்திருந்தார்கள், ஊருணிக்கும் கண்மாய்க்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே படத்தில் இல்லை. நம் மாவட்டத்து மழையைப் பார்த்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படத்தை அவர்கள் மனத்திலிருந்து பெயர்த்தெடுக்கப் பட்ட பாடு, முதலில் கற்பித்ததைவிட அதிகம்.

அடுத்த வகுப்பில் முதல் மூன்று நிமிடம் அதே படத்தை மறுபடி, நோட்டைப் பார்க்காமல், போட வையுங்கள். அடுத்த வாரம் ஒரு முறை. மாதக் கடைசியில் ஒரு முறை. உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம், படித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் மறு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் முன்னால். உங்கள் வகுப்பில் நடப்பது இதுவேதான்: அன்றைக்குத் தெரிகிறது, வாரம் கழித்துக் காணவில்லை. நினைவிலிருந்து வரையும்போது படத்தின் பலனும் நினைவுகூர்தலின் பலனும் சேர்ந்து கிடைக்கின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல ஒரு வகுப்பறையில் வழியில்லை. என்னைக் கேட்டால் புத்தகத்தை மூடுவதற்குத்தான் பெரிய பங்கு. ஒரு நாள் பென்சில் இல்லையென்றால், மூடி வைத்துச் சொல்ல வையுங்கள். திறந்து வைத்து வரைவதைவிட அது மேல்.

உங்களுக்குப் படம் வராதது நல்லதே. எனக்கும் வராது. இரண்டு அடைப்புக்குறிகளைச் சேர்த்து வைத்தால் என் மீன் முடிந்தது. பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு “இதைவிட நான் நன்றாகப் போடுவேன்” என்று பென்சிலை எடுப்பார்கள். அழகாக வரைகிற ஆசிரியரின் வகுப்பில் பிள்ளைகள் அந்த அழகைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். வண்ணப் பென்சிலைக் கடைசி வரை வெளியே எடுக்க விடாதீர்கள், ஏழு நிமிடத்தில் ஐந்து நிமிடம் கடலுக்கு நீலம் அடிப்பதில் போய்விடும். தாளுக்குச் செலவும் வேண்டாம். ஒரு பக்கம் அச்சான பழைய வினாத்தாளின் பின்பக்கம் போதும். மைதானத்து மணலில் குச்சியால் வரைய வைத்தும் பார்த்திருக்கிறேன். பாக் விரிகுடா ஒரு பக்கம், மன்னார் வளைகுடா ஒரு பக்கம், நடுவில் ஒரு வரிசைக் கிளிஞ்சல்கள் இராமேசுவரம் தீவும் மணல் திட்டுகளும். அன்றைக்குக் காற்று எல்லாவற்றையும் மூடிவிட்டது. மறுநாள் அதே இடத்தில் மறுபடி போடச் சொன்னதற்கு யாரும் அலுத்துக்கொள்ளவில்லை.

“எனக்கு வராது சார்” என்று கையைக் கட்டிக்கொள்கிற பிள்ளைகள் பதின்மூன்று வயதுக்குப் பிறகு எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்களைப் பெட்டியும் அம்பும் போடச் சொல்லுங்கள், பெயரைப் பெட்டிக்குள் எழுதினால் போதும். உயிர்களின் உருவத்தை வரைவதை விரும்பாத வீடுகளும் நம் கரையில் உண்டு. அங்கேயும் அதே பெட்டி, அதே அம்பு. பாடத்துக்கு எந்தக் குறையும் வராது. கை நடுக்கம் உள்ள பிள்ளையிடமும் பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளையிடமும் பென்சிலைத் திணிக்க வேண்டாம். என் வகுப்பில் பார்வை மங்கிய ஒரு மாணவி நூலையும் கிளிஞ்சலையும் அட்டையில் ஒட்டி விரலால் தடவி இரத்த ஓட்டத்தைச் சொன்னாள், மற்றவர்களைவிடத் தெளிவாக. ஆனால் அது ஒரு பிள்ளையின் கதை, அதை வைத்து விதி சொல்ல மாட்டேன்.

தேர்வு வேறு சங்கதி. பொதுத்தேர்வில் “படம் வரைந்து பாகங்களைக் குறி” என்றால் புத்தகத்தில் உள்ள படம், பென்சிலில், பாகங்களுக்கு நேர்கோடு இழுத்து இருக்க வேண்டும். இரண்டு அடைப்புக்குறி மீனுக்கு யாரும் மதிப்பெண் தரமாட்டார்கள். ஆகவே இரண்டும் வேறு வேறு படம் என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: இது உனக்காக வரைவது, அது திருத்துகிறவருக்காக வரைவது. திருத்துகிறவருக்கான படத்தைத் தேர்வுக்கு முந்தைய ஒரு மாதம் தனியாகப் பழக்கினால் போதும். விஷயம் தெரிந்த பிள்ளைக்கு அது பத்து நாள் வேலை.

ஒன்று செய்து பாருங்கள். ஒரே வகுப்பில் சமமான கடினத்தில் இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வழக்கம்போல் நடத்துங்கள், ஒன்றை மூடி வைத்து வரையும் முறையில். மூன்று வாரம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல், இரண்டிலிருந்தும் ஐந்தைந்து கேள்வி கேளுங்கள். படம் கேட்காதீர்கள், எழுத்தில் பதில் கேளுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், ஏழு நிமிடம் மிச்சம். இருந்தால், எந்தக் கேள்வியில் இருந்தது, எதில் இல்லை என்று குறித்து எழுதுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. அதற்குள் செய்ய முடிந்தால், அந்த நாட்களில் வீட்டில் இருக்கும் அப்பாக்களிடம் பிள்ளைகள் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். காற்றுப் படத்தில் தப்பு இருந்தால் அவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.